ஒரே மருந்து, வேறு வேறு பலன் ஏன்?

(தோட்ட மாதர் கூட்டமொன்றில் அரசாங்க மருத்துவமனை மருந்தாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற முறை நான் இத்தோட்டத்திற்கு வந்தபோது நீரிழிவு நோயைப் பற்றிப் பேசினேன். கூட்டம் முடிந்து யாவரும் தேநீர் அருந்திக்கொண்டிருந்த வேளையில், மூதாட்டி ஒருவர் என் கையைப் பற்றி ஓரமாக அழைத்துச் சென்றார். அவருடைய மருமகளுக்கும், அடுத்த லயத்தில் குடியிருந்த பெண்ணொருவருக்கும் ஓராண்டு இடைவெளியில் மார்பகப் புற்றுநோய் கண்டதாம். இருவரும் சென்றது ஒரே மருத்துவமனை. இருவர் நரம்பிலும் ஏறியது ஒரே சிவப்பு மருந்து. மருமகள் தேறி மீண்டும் வேலைக்குச் செல்கிறார். அடுத்த லயத்துப் பெண் இரண்டு பிள்ளைகளை விட்டுவிட்டு இறந்துபோனார். “ஒரே ஊசிதானே அம்மா போட்டார்கள்? ஒருத்தியைக் காப்பாற்றிய மருந்து இன்னொருத்தியை ஏன் காப்பாற்றவில்லை? அவள் பத்தியம் இருக்கவில்லை என்கிறார்கள். நேர்த்திக்கடன் பாக்கி என்கிறார்கள். நீங்கள் படித்தவர், சொல்லுங்கள்” என்று அந்த அம்மையார் கேட்டார்.

வண்டி காத்திருந்தது. இரண்டே வாக்கியங்களில் ஏதோ சொல்லிவிட்டுப் புறப்பட்டுவிட்டேன். வழி நெடுக மனம் உறுத்திற்று. இறந்தவர் மீது ஊர் ஒரு பழியைச் சுமத்தியிருக்கிறது. அந்தப் பழியைக் கேட்டுக்கொண்டு அவருடைய பிள்ளைகள் வளர்கிறார்கள். அதற்கு இரண்டு வாக்கியங்கள் போதா. ஆகவே, இன்று அக்கேள்விக்கு மட்டுமே பதில் சொல்வது என்று முடிவு செய்து வந்திருக்கிறேன். அந்த அம்மையாரும் முன்வரிசையில் அமர்ந்திருக்கக் காண்கிறேன்.

முதலில் உங்களுக்கு நன்கு தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். பால்மரத்தில் பால் கூடுதலாக வடிவதற்காகப் பட்டையில் மருந்து பூசும் வழக்கத்தை நீங்கள் அறிவீர்கள். எத்திபோன் என்னும் அம்மருந்தை எல்லா மரத்திற்கும் ஒரே அளவில் பூசினால் ஒரே அளவு பால் கிடைக்கிறதா? கிடைப்பதில்லை. ஜி.டி. 1 என்ற ஒட்டுமரம் மருந்துக்கு நன்றாக ஈடுகொடுக்கும். பி.பி. 260 என்ற ஒட்டுமரமோ இயற்கையிலேயே வேகமாகப் பால் சுரப்பது. அதற்கு மருந்தால் பெரிய பயன் இல்லை. அளவு மீறினால் பட்டை காய்ந்து பால் நின்றுவிடும். மண் ஒன்று, மழை ஒன்று, வெட்டும் கை ஒன்று, மருந்தும் ஒன்று. பலன் மட்டும் வேறாவதற்குக் காரணம் மரத்தின் இனம். அதாவது, அம்மரம் தன் தாய்மரத்திலிருந்து பெற்ற மரபு. பால் வற்றிய மரத்தைப் பார்த்து, “இந்த மரம் பத்தியம் இருக்கவில்லை” என்று நாம் யாரும் சொல்வதில்லை.

மனிதருக்கும் இது பொருந்தும். தோட்டத்துத் தாய்மார்களுக்கு இதில் நேரடி அனுபவமே உண்டு. நம் நாட்டு மருத்துவமனையில் குழந்தை பிறந்தவுடன் தொப்புள்கொடி இரத்தத்தை எடுத்து ‘ஜி சிக்ஸ் பி டி’ குறை உள்ளதா என்று சோதிக்கிறார்கள் அல்லவா? குறை இருந்தால், “துணிப்பெட்டியில் நாப்தலீன் உருண்டை போடாதீர்கள், இன்னின்ன மருந்துகளைக் கொடுக்காதீர்கள்” என்று தாதியர் எச்சரிக்கின்றனர். மலேரியாவுக்குக் கொடுக்கப்படும் பிரைமாகுவின் மாத்திரை பெரும்பாலோரைக் குணப்படுத்த, ஒரு சிலருக்கு மட்டும் இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துச் சோகையை உண்டாக்குவது ஏன் என்று ஆராய்ந்தபோதுதான், 1956ஆம் ஆண்டில் இக்குறை கண்டறியப்பட்டது. மருந்து ஒன்று, பெற்றோரிடமிருந்து வந்த மரபணு வேறு, ஆதலால் விளைவும் வேறு. புற்றுநோய் மருந்துகளிலும் இதுவேதான் நிகழ்கிறது. ஆனால் அங்கே சிக்கல் இரட்டிப்பாகிறது. அது ஏன் என்பதைச் சற்று விளக்கியாக வேண்டும்.

நம் உடல் கோடிக்கணக்கான உயிரணுக்களால் ஆனது. ஒவ்வோர் உயிரணுவிலும், அது எப்படி வளரவேண்டும், எப்போது வளர்ச்சியை நிறுத்தவேண்டும் என்ற கட்டளைகள் அடங்கிய ஏடு ஒன்று உண்டு. அந்த ஏட்டின் வரிகளே மரபணுக்கள். ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும்போதெல்லாம் ஏடு முழுவதும் படியெடுக்கப்படுகிறது. கிராணியார் பழைய செக்ரோலைப் பார்த்துப் புதிய செக்ரோல் எழுதுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் பெயரை எழுதினால் ஒன்றிரண்டு பிழை வரத்தான் செய்யும். பிழையைக் கண்டுபிடித்துத் திருத்துவதற்கென்றே உடலில் சில மரபணுக்கள் உள்ளன. திருத்தப்படாத பிழைகள் சேர்ந்துகொண்டே போனால், நிறுத்தற் கட்டளையை இழந்த உயிரணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுகின்றன. அதுவே புற்று.

ஆகவே, புற்றுநோய் கண்ட ஒருவரிடம் இரண்டு வகை ஏடுகள் உள்ளன. ஒன்று, தாய் தந்தையரிடமிருந்து வந்து உடல் முழுவதும் இருக்கும் ஏடு. மற்றொன்று, பிழைகள் மலிந்து அந்தக் கட்டிக்குள் மட்டுமே இருக்கும் ஏடு. ‘மரபணு’ என்று சொன்னாலே அது பரம்பரைச் சொத்து என்று எண்ணிவிடுகிறோம். அது தவறு. கட்டியிலுள்ள பிழைகளில் பெரும்பாலானவை அப்பெண்ணின் வாழ்நாளில் தோன்றியவை, பிள்ளைகளுக்குச் செல்லாதவை. மார்பகப் புற்றுநோய் கண்ட நூறு பேரில் ஏறத்தாழ ஐந்து முதல் பத்துப் பேருக்கு மட்டுமே அது பரம்பரைப் பிழையால் வருகிறது. “அவர்கள் குடும்பத்தில் பெண் எடுக்காதீர்கள்” என்று பேசுவோர் இந்தக் கணக்கை ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும்.

மருந்துக்குக் கட்டி பணிவதும் பணியாததும் பெரும்பாலும் கட்டியின் ஏட்டைப் பொறுத்தது. மருந்தை உடல் தாங்குவதும் தாங்காததும் பெரும்பாலும் பிறவி ஏட்டைப் பொறுத்தது. சிக்கல் இரட்டிப்பு என்று நான் சொன்னது இதனையே.

மார்பகப் புற்று என்பது ஒரே நோயன்று. கட்டியிலிருந்து சிறு சதையை எடுத்துச் சோதனைக்கூடத்திற்கு அனுப்பும்போது மூன்று அடையாளங்களைத் தேடுகிறார்கள். ஈஸ்ட்ரோஜென், புரோஜெஸ்டெரோன் என்னும் பெண்மைச் சுரப்பிகளை ஏற்கும் வாயில்கள் இரண்டு. ‘ஹெர்-2’ எனப்படும் வளர்ச்சி வாயில் ஒன்று. முதல் இரண்டும் உள்ள கட்டிகள் பெரும்பாலும் மெதுவாக வளர்பவை. மாத்திரையாலேயே பல்லாண்டுகள் அடக்கி வைக்கலாம். அவர்களுள் பலருக்கு ஊசி மருந்தே தேவைப்படாது என்பதும் இப்போது தெரிந்திருக்கிறது. அவர்களைப் பற்றி இன்று பேசப் போவதில்லை. நம் கேள்வி, வேகமாக வளர்ந்து பரவும் கொடிய வகைகளைப் பற்றியது.

கொடிய வகைகளில் ஒன்று, ஹெர்-2 மரபணு அளவுக்கு மீறிப் பெருகிவிட்ட கட்டி. நூற்றில் 15 முதல் 20 பேருக்கு இவ்வகை. இம்மரபணு பெருகியிருந்தால் நோய் கடுமையாகும் என்பதை அமெரிக்க மருத்துவர் டெனிஸ் சிலேமனும் அவருடைய குழுவினரும் 1987ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர். அக்காலத்தில் அது கெட்ட செய்தி. ஆனால் பகைவனின் கோட்டையில் வாயில் எது என்று தெரிந்துவிட்டால் பாதி வெற்றி அல்லவா? அந்த வாயிலையே அடைக்கும் டிராஸ்டுசுமாப் என்ற மருந்து 1998ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஊசி மருந்துகளோடு இதனையும் சேர்த்துக் கொடுத்தபோது, அறுவைச் சிகிச்சைக்குப் பின் நோய் திரும்பி வருவது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததை 2005ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. ஹெர்-2 பெருகாத பெண்ணுக்கு இதே மருந்தைக் கொடுத்தால் அத்தகைய பயன் இல்லை. பூட்டு இல்லாத கதவுக்குச் சாவி எதற்கு?

மற்றொரு கொடிய வகை, இந்த மூன்று அடையாளங்களுமே இல்லாதது. மருத்துவர்கள் அதனை ‘டிரிப்பல் நெகட்டிவ்’ என்று குறிப்பிடுவார்கள். நூற்றில் 10 முதல் 15 பேருக்கு வருவது. இளம் வயதுப் பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுவது. வாயிலே இல்லாத கோட்டை என்பதால், நீண்ட காலம் இதற்கு ஊசி மருந்து ஒன்றே ஆயுதமாக இருந்தது. இதில் ஒரு விந்தை உண்டு. வேகமாக வளரும் இந்தக் கட்டிகள்தாம், மெதுவாக வளரும் கட்டிகளைவிட ஊசி மருந்துக்கு அதிகமாகக் கரைகின்றன. ஏனெனில், ஊசி மருந்துகளில் பெரும்பாலானவை, உயிரணு பிரியும் தறுவாயில் அதனைத் தாக்குபவை. அடிக்கடி பிரிவது அடிக்கடி அடிபடுகிறது. ஆனால் கரைந்தவர்களுக்கும் கரையாதவர்களுக்கும் இடையே பெரும் பிளவு இருக்கிறது. கட்டி முழுவதுமாகக் கரைந்துவிட்டவர்களுள் பெரும்பாலோர் நலமாக வாழ்கின்றனர். கரையாமல் எஞ்சியவர்களுக்கு நோய் திரும்பும் ஆபத்து மிகுதி.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் சொல்லிவிடுகிறேன். இவ்வகை நோய்க்கு இப்போது பெரும்பாலும் ஊசி மருந்தை முதலில் கொடுத்துவிட்டு, அதன் பிறகே அறுவைச் சிகிச்சை செய்கிறார்கள். “அறுக்காமல் அனுப்பிவிட்டார்கள், கைவிட்டுவிட்டார்கள்” என்று எண்ணி, முதல் ஊசியோடு நின்றுவிட்ட பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அறுக்காமல் வைத்திருப்பது கைவிட்டதனால் அன்று. கட்டி உள்ளே இருக்கும்போதே மருந்துக்கு அது பணிகிறதா என்று கண்ணால் பார்ப்பதற்கும், பணியவில்லையெனில் அடுத்து என்ன செய்வது என்று தீர்மானிப்பதற்கும்தான்.

சரி, ஒரு கட்டி கரைவதும் மற்றொன்று கரையாததும் ஏன்? இதுவரை தெளிவாகத் தெரிந்த காரணங்களுள் முதன்மையானது, நான் முன்னே சொன்ன பிழை திருத்தும் மரபணுக்கள். பி.ஆர்.சி.ஏ. 1, பி.ஆர்.சி.ஏ. 2 என்று அவற்றுக்குப் பெயர். மேரி கிளேர் கிங் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி, புற்றுநோய் மிகுந்த குடும்பங்களைப் பல்லாண்டுகள் ஆராய்ந்து, முதலாவது எங்கே இருக்கிறது என்பதை 1990ஆம் ஆண்டில் சுட்டிக்காட்டினார். 1994ஆம் ஆண்டில் முதலாவதும், 1995ஆம் ஆண்டில் இரண்டாவதும் கண்டெடுக்கப்பட்டன. ஏட்டின் தாள் குறுக்கே முழுவதுமாகக் கிழிந்துபோனால், அதனைப் பிசகின்றி ஒட்டும் வேலை இவற்றுடையது. இதில் பிழையோடு பிறந்த பெண்களில், 80 வயதுக்குள் மார்பகப் புற்று வரக்கூடியவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ எழுபது பேர். பி.ஆர்.சி.ஏ. 1 பிழையால் வரும் கட்டிகளில் பத்தில் ஏழு டிரிப்பல் நெகட்டிவ் வகையைச் சேர்ந்தவை.

பிளாட்டினம் என்ற உலோகத்திலிருந்து செய்யப்படும் கார்போபிளாட்டின் என்னும் மருந்தைத் தினந்தோறும் என் கையால் கலக்கிறேன். அம்மருந்து உயிரணுவுக்குள் புகுந்து, ஏட்டின் தாள்களை ஒன்றோடொன்று பிரிக்க முடியாதபடி ஒட்டிவிடுகிறது. படியெடுக்க முயலும்போது தாள் கிழிகிறது. ஒட்டிச் சரிசெய்ய ஆள் இருந்தால் உயிரணு பிழைத்துக்கொள்ளும். பி.ஆர்.சி.ஏ. பிழையால் விளைந்த கட்டியில் அந்த ஆள் இல்லை. ஆகவே அது மாள்கிறது. எந்தக் குறை புற்றை உண்டாக்கிற்றோ அந்தக் குறையே புற்றை வீழ்த்தவும் வழிவிடுகிறது. பிரிட்டனில் 376 பெண்களிடம் நடத்தப்பட்டு 2018ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு இதனைத் தெளிவாகக் காட்டியது. நோய் முற்றிப் பரவிய நிலையில், பாதிப்பேருக்குக் கார்போபிளாட்டினும் பாதிப்பேருக்கு டோசிடேக்சல் என்ற வேறு மருந்தும் கொடுத்தார்கள். எல்லோரையும் சேர்த்துக் கணக்கிட்டபோது இரண்டு மருந்துக்கும் வேற்றுமையே தெரியவில்லை. இரண்டிலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கே பலன். ஆனால் பி.ஆர்.சி.ஏ. பிழையோடு பிறந்தவர்களை மட்டும் தனியே எண்ணியபோது, கார்போபிளாட்டினுக்கு நூற்றில் 68 பேரும், டோசிடேக்சலுக்கு 33 பேரும் பலன் பெற்றிருந்தனர். கூட்டத்தோடு சேர்த்து எண்ணினால் மறைந்துபோகும் உண்மை, மரபைப் பார்த்துப் பிரித்து எண்ணினால் வெளிப்படுகிறது.

இதனைக் கேட்டுவிட்டு, “எனக்கும் பிளாட்டினம் கொடுங்கள்” என்று யாரும் மருத்துவரிடம் வாதாட வேண்டாம். நோய் பரவாத தொடக்க நிலையில், அறுவைக்கு முன் கொடுக்கும்போது கணக்கு வேறாக இருக்கிறது. அந்நிலையில் பி.ஆர்.சி.ஏ. பிழை உள்ளவர்களின் கட்டிகள் பழைய சிவப்பு மருந்துக்கே நன்கு கரைகின்றன. பிளாட்டினத்தைச் சேர்ப்பதால் அவர்களுக்கு மட்டும் தனிப்பட்ட கூடுதல் நன்மை இருப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. விஞ்ஞானம் நாம் விரும்பியபடி நேர்கோட்டில் செல்வதில்லை.

இதே தத்துவத்தைக் கொண்டு உருவான மாத்திரை ஒன்றும் உண்டு. ஓலாபரிப் என்பது அதன் பெயர். உயிரணுவில் சிறு கிழிசல்களைத் தைப்பதற்கு ‘பார்ப்’ என்ற வேறொரு பணியாள் இருக்கிறான். பெரிய கிழிசலை ஒட்டுபவனை இழந்துவிட்ட புற்றணு, இவன் ஒருவனையே நம்பி உயிர் வாழ்கிறது. மாத்திரை இவன் கையையும் கட்டிவிடுகிறது; புற்றணு மடிகிறது. உடலின் மற்ற உயிரணுக்களில் பி.ஆர்.சி.ஏ. மரபணுவின் நல்ல படி ஒன்றாவது இருப்பதால் அவை தாக்குப்பிடிக்கின்றன. அறுவையும் ஊசி மருந்தும் முடிந்த பின் ஓராண்டு இம்மாத்திரையை உட்கொண்டவர்களுள், மூன்றாண்டு முடிவில் நூற்றில் 86 பேர் நோய் திரும்பாமல் இருந்தனர். மாத்திரை இல்லாதவர்களுள் 77 பேர். 1,836 பேரிடம் நடத்தப்பட்ட இந்த ஆய்வு 2021ஆம் ஆண்டில் வெளியாயிற்று. விலை மிகவும் அதிகம் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் மரபணுச் சோதனையே செய்யாத பெண்ணுக்கு, உதவி கேட்டு விண்ணப்பிக்கும் வாய்ப்புக்கூட இல்லாமற் போகிறது.

மருந்துக்குப் பணிந்த புற்று பின்னர் மீண்டும் தலைதூக்குவதும் உண்டு. சில கட்டிகளில், பழுதாகியிருந்த பி.ஆர்.சி.ஏ. மரபணுவில் மற்றொரு பிழை விழுந்து, அதனாலேயே அது பழையபடி வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. தப்புக்கு மேல் தப்பு விழுந்து கணக்குச் சரியாகிவிட்டது போல! 2008ஆம் ஆண்டில் இதனைக் கண்டறிந்தபோது ஆராய்ச்சியாளரே வியந்தனர். வேறு சில புற்றணுக்கள், உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்துக் கொட்டும் பம்பு போன்ற புரதத்தைப் பெருக்கிக்கொள்கின்றன. நோயாளி மூன்று வாரத்திற்கொருமுறை தவறாமல் வந்து, சொன்னதையெல்லாம் கடைப்பிடித்தும் இவை நிகழ்கின்றன.

டிரிப்பல் நெகட்டிவ் என்பதும் ஒரே இனமன்று என்பதை அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கட்டிகளின் மரபணுக்களை ஒப்பிட்டு ஆறு உட்பிரிவுகளைக் கண்டனர். பின்னர் அதனை நான்காகச் சுருக்கினர். ஒரு பிரிவு ஊசி மருந்துக்கு நன்றாகக் கரைகிறது. மற்றொரு பிரிவு ஏறக்குறைய அசைவதே இல்லை. நம் மூதாட்டியின் மருமகளுக்கும் அடுத்த லயத்துப் பெண்ணுக்கும் எந்தெந்தப் பிரிவு என்பது எனக்குத் தெரியாது. ஆனால் ‘ஒரே நோய்’ என்று நாம் எண்ணியது ஒரே நோயாகவே இருந்திருக்க வேண்டியதில்லை.

இனி, மருந்தைத் தாங்கும் உடலைப் பற்றிச் சிறிது. ஊசி மருந்துக்குப் பின்னும் கட்டி எஞ்சியிருந்தால், கேப்சைடபின் என்ற மாத்திரையைக் கொடுப்பதுண்டு. ஜப்பானிலும் கொரியாவிலும் 910 பெண்களிடம் நடந்து 2017ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, அது உயிர் காக்கிறது என்பதைக் காட்டிற்று. டிரிப்பல் நெகட்டிவ் நோயாளிகளுக்குப் பயன் இன்னும் கூடுதல். வேலை முடிந்த அம்மருந்தைக் கல்லீரல் ஒரு நொதியைக் கொண்டு சிதைத்து வெளியேற்றுகிறது. அந்த நொதிக்குரிய மரபணுவில் பிறவிக்குறை உடைய சிலருக்கு, மருந்து வெளியேறாமல் உடலிலேயே தேங்கிவிடும். முதல் சில நாட்களிலேயே வாய் முழுவதும் புண், நிற்காத வயிற்றுப்போக்கு, காய்ச்சல் ஆகியவை தோன்றும், உயிருக்கே ஆபத்தாகலாம். மருந்து கொடுக்குமுன் இதனைச் சோதிக்கும்படி ஐரோப்பிய மருந்து ஆணையம் 2020ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. குறை பாதியளவு இருந்தால் மருந்தின் அளவைக் குறைத்துத் தொடங்குவார்கள். இம்மாத்திரையை உட்கொள்பவர் யாருக்கேனும் இவ்வறிகுறிகள் கண்டால், “மருந்து வேலை செய்கிறது” என்று பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டில் படுத்திருக்கக் கூடாது. அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு வரவேண்டும்.

வாந்தி எவ்வளவோ அவ்வளவு குணம், முடி கொட்டாவிட்டால் மருந்து ஏறவில்லை என்றெல்லாம் வார்டில் பெண்கள் பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். இரண்டுக்கும் தொடர்பு இல்லை. முடியின் வேர் வேகமாக வளர்வதால் மருந்து அதனையும் தாக்குகிறது, அவ்வளவே.

இவையெல்லாம் வெளிநாட்டு ஆய்வுகள்தாமே என்று கேட்கலாம். நம் நாட்டிலும் வேலை நடந்திருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திலும் சுபாங் ஜெயா மருத்துவ மையத்திலும் சிகிச்சை பெற்ற பெண்கள் மனமுவந்து கொடுத்த இரத்தத்தையும் சதையையும் கொண்டு, கேன்சர் ரிசர்ச் மலேசியா அமைப்பு ‘மைபிஆர்சிஏ’ என்ற ஆய்வை நடத்தி வருகிறது. 560 மலேசியப் பெண்களின் கட்டிகளை ஆராய்ந்து 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவின்படி, மேல்நாட்டுப் பெண்களைக் காட்டிலும் நம்மவரிடம் ஹெர்-2 வகையும், ‘டிபி-53’ என்ற காவல் மரபணுவின் பழுதும் அதிகம். கட்டிக்குள் நோயெதிர்ப்பு அணுக்களின் நடமாட்டமும் அதிகம். வெள்ளைக்காரப் பெண்ணுக்குத் தைத்த சட்டை நமக்கு அப்படியே பொருந்திவிடாது என்பதற்கு இது சான்று.

2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, மலேசிய இந்தியப் பெண்களில் ஆண்டொன்றுக்கு இலட்சத்தில் 38 பேருக்கு மார்பகப் புற்று கண்டது. மலாய்ப் பெண்களில் 31 அல்லது 32 பேருக்கு. நோய் கண்ட பெண்களில் ஏறத்தாழப் பாதிப்பேர், மூன்றாம் அல்லது நான்காம் கட்டத்தில்தான் மருத்துவரிடம் வந்தனர். எத்தனை மரபணுச் சோதனை வந்தாலும், கட்டி எலுமிச்சையளவு ஆகும் வரை மறைத்து வைத்துவிட்டு வருபவருக்கு அதன் பயன் குறைவே. நாற்பது வயதைக் கடந்த தொழிலாளர்களுக்குச் சொக்சோ 2013ஆம் ஆண்டில் தொடங்கிய உடல்நலச் சோதனைத் திட்டத்தில், பெண்களுக்கு மார்பகப் படமெடுக்கும் வசதியும் சேர்க்கப்பட்டிருந்தது. கடிதம் வந்தும் பெட்டியில் போட்டு வைத்தவர்கள் இக்கூட்டத்திலேயே இருப்பார்கள் என்று எண்ணுகிறேன்.

என் சொந்தக் கதை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். என் தாயார் பால் வெட்டியவர். நான் பிறந்தது தோட்டத்து லயத்தில். என் தகப்பனாரின் தங்கை, அத்தை என்று நான் அழைத்தவர், முப்பத்தெட்டு வயதில் மார்பில் கட்டி வந்து இறந்தார். அவருடைய பெரியம்மா ஒருவர் ‘வயிற்றுக் கட்டி’ வந்து இறந்ததாகச் சொல்வார்கள். அது சூலகப் புற்றாக இருந்திருக்கக்கூடும். எங்கள் வீட்டில் இவை இரண்டையும் யாரும் இணைத்துப் பார்த்ததில்லை. தகப்பன் வழிச் சொந்தம்தானே, பெண்களுக்கு வரும் நோய் ஆண் வழியாக எப்படி வரும் என்று நானே எண்ணியிருந்தேன், மருந்தியல் படித்த பிறகும்! பி.ஆர்.சி.ஏ. பிழை தந்தை வழியாகவும் வரும். பிழை உள்ளவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும், ஆணாயினும் பெண்ணாயினும், அது செல்லப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. நான் சோதனை செய்துகொண்டேன். பிழை இல்லை என்று வந்தது. என் அண்ணன் மகள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள். அவளை நான் வற்புறுத்தவில்லை. தெரிந்துகொள்வதற்கும் ஒரு துணிவு வேண்டும். அது அவரவர் உரிமை.

சோதனை என்பது இரத்தம் எடுப்பதுதான். வலி அவ்வளவாக இல்லை. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் மரபணு ஆலோசகரோ மருத்துவரோ அமர்ந்து பேசுவார். சில வேளைகளில் ‘மாற்றம் இருக்கிறது; அது தீயதா இல்லையா என்று சொல்ல இயலவில்லை’ என்றும் முடிவு வரும். நம் இனத்தவரின் மரபணுக்கள் குறைவாக ஆராயப்பட்டிருப்பதால் நமக்கு அப்படி வருவது சற்று அதிகம். எல்லோருக்கும் இச்சோதனை தேவையில்லை. இளம் வயதில் நோய் கண்டவர், டிரிப்பல் நெகட்டிவ் என்று சொல்லப்பட்டவர், இரண்டு மார்பிலும் கண்டவர், நெருங்கிய சொந்தத்தில் மார்பகப் புற்றோ சூலகப் புற்றோ உள்ளவர், மார்பகப் புற்று வந்த ஆண்: இவர்களே முதலில் கேட்க வேண்டியவர்கள்.

அம்மா, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அடுத்த லயத்துப் பெண் பத்தியம் இருக்காததனால் இறக்கவில்லை. அவருடைய கட்டிக்குள் எழுதப்பட்டிருந்த ஏடு அந்த மருந்துக்குப் பணியாததாக இருந்திருக்க வேண்டும். அதனை அவர் எழுதவில்லை. அவரால் திருத்தவும் இயலாது. இதை அவருடைய மூத்த பெண்ணிடம் நீங்களே சொல்லுங்கள். நான் சொல்வதைக் காட்டிலும் நீங்கள் சொன்னால் அவள் நம்புவாள். அவளுக்கு இருபது வயதாகிவிட்டது என்றீர்கள். தாயாரின் மருத்துவமனை அட்டையும், சதைச் சோதனை அறிக்கையும் வீட்டில் இருந்தால் பத்திரப்படுத்தி வைக்கச் சொல்லுங்கள். எதையும் எரித்துவிட வேண்டாம். அந்தத் தாளில் உள்ள நான்கு வரிகள் அவளுக்கு ஒருநாள் தேவைப்படலாம்.

சுகாதாரக் கிளினிக்கிலிருந்து வந்திருக்கும் தாதியார் வாயிலருகே மேசை போட்டு அமர்ந்திருக்கிறார். அவரிடம் குடும்ப வரலாற்றுப் படிவம் இருக்கிறது. தாய் வழி, தந்தை வழி இரண்டிலும் யார் யாருக்கு எந்த வயதில் என்ன நோய் வந்தது என்று எழுத வேண்டும். வயது சரியாகத் தெரியாவிட்டால், “மூத்த மகனுக்குத் திருமணமான ஆண்டு” என்பது போலச் சொன்னாலும் அவர் கணக்கிட்டு எழுதிக்கொள்வார். வேறு தோட்டத்திலும் பட்டணத்திலும் இருக்கும் சொந்தங்களை இன்றிரவே தொலைபேசியில் கேட்டுவிட்டு, நாளைக் காலை கொண்டுவந்து கொடுத்தாலும் போதும். அவர் பால் நிறுக்கும் நேரம் வரை இங்கேதான் இருப்பார்.